வகன் ஆர் காரின் முன் பிறேக் பாட்களை வீட்டு வளவில் வைத்து நானே மாற்றலாமா?

மானிப்பாயில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சுசுகி வகன் ஆர், 2015 ஆம் ஆண்டு வண்டி. இரண்டு கிழமையாக முன் சில்லுப் பக்கம் 'கீச்' என்று கத்துகிறது. கராஜில் காட்டியபோது முன் பிறேக் பாட் முடிந்துவிட்டது, மாற்றவேண்டும் என்றார்கள். இரண்டு மூன்று காணொளிகள் பார்த்திருக்கிறார், இருபது நிமிட வேலை மாதிரித் தெரிகிறது, ஸ்பனர் செட் ஒன்று வீட்டில் கிடக்கிறது. நானே மாற்றலாமா, என்னென்ன வாங்கவேண்டும் என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிற கார், அதுதான் யோசனை.' அவர் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது. கழற்றிப் பூட்டலாம் என்பதில் அவருக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பூட்டிய பிறகு அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றலாமா என்பதுதான் பயம். அதற்கே பதில் எழுதுகிறேன்.

முடியும். உங்கள் வண்டியில் முன்னுக்கு டிஸ்க், அதாவது சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டை இரு பக்கமும் பாட்கள் நெரித்து நிறுத்துகிற பிறேக். பின்னுக்கு டிரம். முன் டிஸ்க்கின் பாட் மாற்றுவது கார் வேலைகளில் பழகுவதற்கு இலகுவான ஒன்று. எங்கள் கராஜுக்கு வேலை பழக வரும் பெடியன்களுக்கு எஞ்சின் ஒயில் மாற்றக் காட்டிக்கொடுத்த பிறகு அடுத்ததாக இதைத்தான் காட்டிக்கொடுக்கிறோம். ஆனால் தனியே செய்ய விடுவது ஆறு மாதம் கழித்து. கழற்றிப் பூட்ட இரண்டாம் நாளே பழகிவிடுவார்கள். கழற்றிய பழைய பாட்களைக் கையில் வைத்துப் பார்த்து, இது ஏன் இப்படித் தேய்ந்தது என்று சொல்வதற்குத்தான் மற்ற மாதங்கள் போகின்றன. காணொளிகளில் அந்தப் பகுதி அனேகமாக வராது, பழைய பாட்களைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டுப் புதியதைப் பெட்டியால் எடுப்பார்கள்.

நான் தொழில் பழகியது 1990களில். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் எல்லாம் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய காலம். அந்தக் கார்களில் நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். கைக்குக் கிடைத்தது மண்ணெண்ணெய் என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே கழுவினோம், பிறேக் சாமான்களையும் சேர்த்து. கொஞ்ச நாளில் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் ஊதிப் பெருத்து, பிறேக் பிடித்தபடி நிற்கும், தள்ளினாலும் கார் அசையாது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், சாதாரணக் கிறீஸ் எல்லாம் ஒரே குடும்பம், பிறேக்கின் றப்பருக்கு அந்தக் குடும்பமே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஊத்தையைக் கண்டால் கை மண்ணெண்ணெய்ப் போத்தலைத்தான் தேடும். பிறேக் கிளீனர் என்று ஸ்பிறே ரின்னில் விற்கிறார்கள், அதில் ஒன்று வாங்குங்கள்.

சத்தத்தைப் பற்றி நிச்சயமாக ஒன்றும் சொல்லமாட்டேன், நான் காதால் கேட்கவில்லை. பொதுவாக, ஓடும்போது விடாமல் மெல்லிய கீச்சுச் சத்தம் வந்து, பிறேக் மிதித்தால் அது மாறினாலோ நின்றாலோ, பாட்டில் பொருத்தியிருக்கும் சிறிய தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று எடுக்கலாம். பாட் முடியப்போகிறது என்று சொல்வதற்காகவே அந்தத் தகட்டை வைத்திருக்கிறார்கள். காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் கரகரத்துப் பிறகு அடங்கினால், இரவு ஈரத்தில் டிஸ்க்கில் பிடித்த துரு, மாற்ற ஒன்றும் இல்லை. இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் என்றால் பாட் முற்றாக முடிந்து பின்தகடு டிஸ்க்கைத் தின்கிறது, அந்தக் காரை இனி ஓட்டவே வேண்டாம். எச்சரிக்கைத் தகடு எல்லாப் பாட்டிலும் இருக்காது. மலிவான மாற்றுச் சாமான்கள் சிலவற்றில் அது இல்லாமலே வரும், இருந்தாலும் வழக்கமாக உள்பக்கப் பாட்டில் மட்டும்தான். ஆகவே சத்தம் இல்லை என்பதை வைத்துப் பாட் நல்லாயிருக்கிறது என்று இருக்கவேண்டாம். சில்லைக் கழற்றிப் பார்ப்பதுதான் பார்ப்பது. புதிய பாட்டில் தேயும் பகுதி 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் நான் மாற்றச் சொல்வேன். பின்தகட்டின் தடிப்பைச் சேர்த்து அளந்துவிட்டு 'இன்னும் 8 இருக்கு அண்ணை' என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கும்போது வண்டியின் மாதிரி இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். வகன் ஆர் என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் மூன்று நான்கு பெட்டியைத் தூக்கிப் போடுவார். அக்கேபோனோ, அட்விக்ஸ், நிஷின்போ போன்ற யப்பான் தயாரிப்புகள் நல்லவை, ஆனால் பெயருள்ள சாமானுக்குப் போலிப் பெட்டியும் வரும், எனவே தெரிந்த கடையில் வாங்குங்கள். சில பாட்களின் விளிம்பில் 'எஃப் எஃப்', 'ஜி எஃப்' மாதிரி இரண்டு ஆங்கில எழுத்து அடித்திருப்பார்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் அதன் பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. 'ஈ' என்றால் குறைவு, 'எஃப்' நடுத்தரம், 'ஜி' கூட. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே போனால் சூட்டில் பிடிப்பு விடுகிற பாட் அது. எத்தனை நாள் உழைக்கும் என்பதை அந்த எழுத்துகள் சொல்லாது. விலை சொல்லமாட்டேன், நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். எப்போதும் ஒரு அச்சின் இரு பக்கத்துக்கும், நான்கு பாட்களாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் போட்டால் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இனி இடம். பிறேக் வேலையில் ஆளைக் கொல்வது அனேகமாகப் பிறேக் இல்லை, ஜக்கில் இருந்து சரிகிற கார். எங்கள் வளவுகள் அனேகம் மணல், இல்லாவிட்டால் செம்மண். மழைக்குப் பிறகு இரண்டிலும் ஜக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும், நிற்கிற உங்களுக்குத் தெரியாது. சீமெந்துத் தரை இருந்தால் அங்கே செய்யுங்கள். இல்லையென்றால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை, பனஞ்சிலாகைத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து அடித்தது என்றாலும் சரி. காரோடு வரும் ஜக் ரயர் மாற்ற மட்டும்தான். அதால் உயர்த்தி, காரைத் தாங்கும் இரும்பு ஸ்ரான்ட் ஒன்றை உரிய இடத்தில் வைத்துக் காரை அதன்மேல் இறக்குங்கள். வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல்லை அடுக்கி அதில் காரை நிறுத்துகிறார்களே, அதை மட்டும் செய்யவேண்டாம். அந்தக் கல் வெடிக்கும் முன்பு எந்த அறிகுறியும் காட்டாது, ஒரேயடியாக உதிரும். கழற்றிய சில்லைக் காரின் விளிம்புக்குக் கீழே படுக்கவைத்துவிட்டால் இன்னொரு காப்பு. பின்சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹான்ட் பிறேக் போடுங்கள், கியரைப் பார்க்கில் விடுங்கள். சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிடவேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் பூட்டியபடி இருந்தால் எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்தது என்று மறந்தாலும் போய்ப் பார்க்கலாம். அதோடு, இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும்போது ஒரு பக்கப் பிஸ்ரனை (பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் உருளையை) உள்ளே தள்ளினால் மறுபக்கப் பிஸ்ரன் வெளியே வந்துவிடக்கூடும். ஸ்ரியரிங்கைத் திருப்பி, கலிப்பரின் (பாட்களையும் பிஸ்ரனையும் தாங்கி டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் பகுதியின்) பின்பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு, கீழே உள்ள போல்ட் ஒன்றைக் கழற்றினால் அனேகமான சிறிய கார்களில் கலிப்பர் கதவு மாதிரி மேலே திறக்கும். போல்ட்டோடு, கலிப்பர் வழுக்கி ஓடுகிற பின் என்ற கம்பியும் சேர்ந்து சுற்றினால் பின்னை இன்னொரு ஸ்பனரால் பிடியுங்கள். முழுதாகக் கழற்றவேண்டி வந்தால் கலிப்பரைக் கட்டுக்கம்பியால் ஸ்பிறிங்கில் கட்டிவிடுங்கள், பிறேக் ஒயில் வரும் றப்பர்க் குழாயான ஹோசில் தொங்கவிடவேண்டாம். அந்த ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தூசியை ஊதவேண்டாம், காற்றடிக்கிற பைப்பையும் பிடிக்கவேண்டாம். பழைய பாட்களில் கல்நார் கலந்திருந்தது உண்டு, உங்கள் பாட்டில் உண்டா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. கிளீனரால் நனைத்துத் துணியால் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள்.

பழைய பாட்கள் வெளியே வந்ததும் சோக்கை எடுத்து ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதுங்கள்: இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. மறுபக்கமும் கழற்றிய பிறகு நான்கையும் நிலத்தில் வரிசையாக வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்தபடி பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில், சமமாகத் தேய்ந்திருந்தால் உங்கள் பிறேக் சுகமாக இருக்கிறது. புதியதைப் போடுவதோடு வேலை முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை. உள்பாட்டும் வெளிப்பாட்டும் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசப்படுவதையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. உள்பக்கம் தகடாகிவிட்டது, வெளிப்பக்கம் பாதி மிச்சம் என்றால் கதை வேறு. இந்த வகைக் கலிப்பரில் பிஸ்ரன் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது உள்பாட்டை நேராக அழுத்தும், அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களில் வழுக்கி வந்து வெளிப்பாட்டை இழுத்து அழுத்தும். பின்கள் இறுகினால் வெளிப்பாட்டுக்கு வேலை இல்லாமல் உள்பாட் மட்டும் தேயும். பிஸ்ரன் திரும்பி உள்ளே போக மறுத்தாலும் இதே அடையாளம்தான். மாறி வெளிப்பாட் கூடத் தேய்ந்திருந்தால் கலிப்பர் போய் அழுத்துகிறது, திரும்பி வரவில்லை, அதுவும் பின்களின் குற்றமாக இருக்கும். ஒரே பாட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் ஆப்பு மாதிரி மெலிந்தும் இருந்தால் ஒரு பின் ஓடுகிறது, மற்றது ஓடவில்லை, அல்லது பாட் அமர்கிற கிளிப் விழுந்திருக்கிறது.

இடது சோடி முடிந்து வலது சோடி புதிது மாதிரி இருப்பது, இது எல்லாவற்றிலும் ஆளை ஏமாற்றுகிற ஒன்று. பார்க்கிறவர் தேய்ந்த பக்கத்தைத்தான் சந்தேகப்படுவார். அந்தப் பக்கம் பிடித்தபடி உரசிக்கொண்டு ஓடியிருக்கலாம், அது சரி. ஆனால் நல்லாயிருக்கிற பக்கம் வேலையே செய்யாமல் இருந்து, மற்றப் பக்கம் இரண்டு பேரின் வேலையையும் செய்திருக்கவும் கூடும். எது என்று பாட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கழற்றுவதற்கு முன்பே, ஓடிவிட்டு வந்து நிறுத்தியதும் இரண்டு முன்சில்லுக்கும் கிட்ட, தொடாமல், கையைப் பிடித்துப் பார்த்தீர்களானால் ஒரு பக்கம் அனல் அடித்தால் அங்கே உரசுகிறது. ஓட்டும்போது கார் ஒரு பக்கம் இழுத்ததா என்பதையும் யோசியுங்கள். இந்தப் பக்க வித்தியாசத்தைக் கண்டால் புதிய பாட்களைப் போட்டு மூடிவிடாமல் கராஜுக்குக் கொண்டுபோங்கள், பிஸ்ரனையோ ஹோசையோ பார்க்கவேண்டிய வேலை அது. பாட் ஒயில் பட்டு நனைந்திருந்தாலும் அப்படியே. எங்கோ ஒழுகுகிறது, பாட்டுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு தேய்வு இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் தினம் போய்வரும் ஊர்காவற்றுறை, வேலணைக் கார்களையும், பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையோரக் கார்களையும் கழற்றினால் பாட்டின் தேயும் பகுதிக்கும் பின்தகட்டுக்கும் இடையே துரு புகுந்து விளிம்பைத் தூக்கியிருக்கும். தடிப்பு நல்லாய் இருக்கும், விரலால் நெம்பினால் கழன்று வரும். அதை அளந்து 'இன்னும் ஓடும்' என்று திருப்பிப் பூட்டக்கூடாது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் கிழமைக்கணக்கில் நின்ற கார்கள் பெற்றோல் பங்கீட்டுக் கியூ ஆர் அட்டை வந்து ஓடத்தொடங்கியபோது எங்களுக்கு வந்த பிறேக் வேலைகளில் நிறைய இறுகிய பின்கள்தான். ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது பிறேக்குக்கு மோசம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதி அடைத்து வீட்டோடு நிற்கிற கார்களைப் பற்றியும் இதையே சொல்வேன், இடைக்கிடை எடுத்து ஒரு சுற்று ஓடுங்கள்.

பின்களை இழுத்தெடுத்துத் துடையுங்கள். மேல்பின்னும் கீழ்ப்பின்னும் ஒரே மாதிரித் தெரிந்தாலும் சில கார்களில் ஒன்றின் நுனியில் றப்பர் வளையம் இருக்கும், ஆகவே மாற்றிப் போடாமல் எது எங்கே என்று குறித்துவையுங்கள். பழைய கிறீஸ் காய்ந்து கறுப்புத் தார் மாதிரி இருந்தால் முற்றாகச் சுரண்டியெடுத்து, பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சில்லு பெயாரிங்குக்குப் போடும் கிறீஸ் இங்கே வேண்டாம், ஏன் என்று மேலே மண்ணெண்ணெய்க் கதையில் சொல்லிவிட்டேன். உள்ளே விட்டதும் விரலால் தள்ளினால் பின் வழுக்கிப் போய்வரவேண்டும். பின்னில் துருக்குழி விழுந்திருந்தால், அல்லது அதன் றப்பர் உறை கிழிந்திருந்தால் புதியது வாங்குங்கள், சின்னச் சாமான்தான். பாட் அமரும் இடத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுத்தால் புதிய பாட் கையால் தள்ளவே போய் இருக்கும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ துரு மிச்சம் இருக்கிறது.

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிப்பு மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு மாதிரி ஒரு மேடு நிற்கும், தடிப்பு அளக்கும் வேர்னியரை அப்படியே பிடித்தால் அந்த மேட்டைத்தான் அளப்பீர்கள். ஒரே வகைச் சில்லறைக் காசு இரண்டை டிஸ்க்கின் இரு பக்கமும் வரம்புக்கு உள்ளே வைத்து, சேர்த்து அளந்து, இரண்டு காசின் தடிப்பையும் கழியுங்கள், கணக்குச் சரியாக வரும். மெல்லிய கோடுகள் இருந்தால் பரவாயில்லை. நகம் சிக்குகிற பள்ளம், வெடிப்பு, நீலம் பாரித்த திட்டு இருந்தால் நிறுத்துங்கள். லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று கேட்பார்கள். சீவிய பிறகும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேலே நிற்கும் என்றால் சீவலாம். சிறிய கார்களின் டிஸ்க்கில் அதற்கு இடம் குறைவு, நான் புதியதையே போடச் சொல்வேன், இதில் என்னோடு ஒத்துவராத மெக்கானிக்மார் உண்டு.

பிஸ்ரனை உள்ளே தள்ளுவதற்கு முன் பொனற்றைத் திறந்து பிறேக் ஒயில் தொட்டியைப் பாருங்கள். பாட் தேயத் தேயப் பிஸ்ரன் வெளியே வந்து தொட்டியில் மட்டம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு யாராவது நடுவில் நிரப்பியிருந்தால் இப்போது தள்ளும்போது மேலால் வழியும், வழிந்தால் பெயின்ரை உரிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பழைய பாட் ஒன்றைப் பிஸ்ரனில் வைத்து, ஜி கிளாம்பால் மெல்ல மெல்ல, நேராக இறுக்குங்கள். கையால் திருகும் பலத்திலேயே போகவேண்டும், போகாவிட்டால் அடித்துத் தள்ளாமல் விட்டுவிடுங்கள். பிறேக் ஒயில் என்று நாங்கள் சொன்னாலும் அது ஒயில் இல்லை, தண்ணீரை உறிஞ்சும் ஒரு திரவம். மூடியில் டொட் 3 என்றோ டொட் 4 என்றோ எழுதியிருக்கும். புதிய டொட் 3 கொதிக்க 205 பாகை வேண்டும், ஈரம் இழுத்த பிறகு 140 என்பதுதான் அதற்கு விதித்த குறைந்தபட்ச அளவு. மேடு பள்ளமே இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்தக் குறை வெளியே தெரியாது. கண்டிக்குப் போய்க் கடுகண்ணாவை இறக்கத்தில் பிறேக்கில் காலை வைத்தபடி இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியாகி, கால் நேராகத் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சாமான் அது. மாற்றுவதற்குக் குழாய்க்குள் சிக்கும் காற்றை எடுக்கத் தெரியவேண்டும், முதல் தடவை செய்கிறவர் அந்தக் காற்றை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் தொடாமல் இருப்பது நல்லது.

பூட்டுவதில் அதிகம் சொல்ல இல்லை. எச்சரிக்கைத் தகடுள்ள பாட் பழையது இருந்த இடத்துக்கே போகவேண்டும். தேயும் முகத்தில் கிறீஸ் கை படக்கூடாது, பின்தகட்டில் கலிப்பர் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சு. கலிப்பர் போல்ட் சிறியது, வலிமையைக் காட்டி இறுக்கினால் புரி போய்விடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் ஒன்றை இரவல் வாங்கியாவது பாவியுங்கள். சில்லு நட்டுகளைக் காரை நிலத்தில் இறக்கியபின் எதிரும் புதிருமாக இறுக்குங்கள். சுசுகியின் சிறிய கார்களுக்கு 85 நியூட்டன் மீட்டர் அளவில், ரொயோட்டாவின் சிறிய கார்களுக்கு 103. உங்கள் கைநூலில் வேறு எண் இருந்தால் அதையே பிடியுங்கள். 50 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இப்போது நான் செய்த பிழை. தொழிலுக்கு வந்து, முதல்முதலாகத் தனியே ஒரு காருக்கு டிஸ்க் பாட் மாற்றினேன். எல்லாம் சரி, சில்லு பூட்டி, ஜக்கை எடுத்து, பெருமையோடு ஏறி ஸ்ரார்ட் பண்ணிப் பின்னுக்கு எடுத்தேன். பிறேக்கை மிதித்தால் கால் தரையில் போய் முட்டியது. பிஸ்ரனை உள்ளே தள்ளி வைத்த பிறகு அது மீண்டும் பாட்டைத் தொடும்வரை பெடலைப் பல தரம் மிதித்துக் கொண்டுவரவேண்டும், அதை நான் செய்யவில்லை. கார் கதியால் வேலியைச் சாய்த்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் நின்றது. அன்றைக்கு வேலிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. முதலாளி ஐயா ஏசவில்லை, வேலியை நானே அடைத்துக் கொடுக்கவேண்டும் என்றார், இரண்டு நாள் அடைத்தேன். ஆகவே, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண முன்பே பெடலைப் பாதி பாதியாக மிதியுங்கள், கல் மாதிரி இறுகும்வரை. இறுகிய பிறகு தொட்டியில் மட்டத்தைப் பாருங்கள். ஸ்ரார்ட் பண்ணியதும் பெடல் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. பஞ்சு மாதிரி மெதுவாக இருந்தாலோ, மிதித்தபடி வைத்திருக்க இறங்கிக்கொண்டே போனாலோ கார் வளவை விட்டு வெளியே போகக்கூடாது.

புதிய பாட் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. டிஸ்க்கோடு பழகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆளில்லாத நேரான வீதியொன்றில் 50 கி.மீ. வேகத்துக்குப் போய் நடுத்தரமாக மிதித்து 10க்குக் கொண்டுவந்து, அரை நிமிடம் சும்மா ஓடி ஆறவிட்டு, எட்டுப் பத்துத் தரம் இப்படிச் செய்யுங்கள். முழுதாக நிறுத்திச் சூடான பாட்டை டிஸ்க்கில் அழுத்தியபடி வைத்திருக்கவேண்டாம். பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி. முதல் 200, 300 கிலோமீற்றருக்கு முன்வண்டியோடு இடைவெளி கூட விடுங்கள். பிள்ளைகளை அதற்குள் ஏற்றலாமா என்றால், பெடல் இறுக்கமாக, கார் நேராக நிற்கிறது என்றால் ஏற்றலாம். நான் என் பேரப்பிள்ளைகளை ஏற்றியிருக்கிறேன்.

இதை வாசித்துவிட்டு ரொயோட்டா அக்குவா, பிறியஸ் வைத்திருப்பவர்கள் கிளம்பவேண்டாம். அவற்றில் பிறேக்கின் அழுத்தத்தைக் கணினி தருகிறது. கதவைத் திறந்தாலே பம்ப் தானாக எழுந்து வேலைசெய்யும், நீங்கள் பிஸ்ரனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது எழும்பினால் விரல் போகும். 12 வோல்ற் பற்றறியைக் கழற்றுகிற ஒழுங்கு தெரிந்தவர் செய்யட்டும். பின்சில்லிலும் டிஸ்க் இருந்து, அதிலேயே ஹான்ட் பிறேக்கும் சேர்ந்திருந்தால் பிஸ்ரனை நேராகத் தள்ளக்கூடாது, சுற்றி உள்ளே விடவேண்டிய வகைகள் உண்டு, மின்சார ஹான்ட் பிறேக் என்றால் அதற்கு வேறு கருவி. உங்கள் வகன் ஆரின் பின் டிரம்மையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அதன் ஸ்பிறிங்குகளைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.

இருபது நிமிடம் என்று நினைத்து ஆறு மணிக்குத் தொடங்காதீர்கள். முதல் தடவைக்கு மூன்று மணித்தியாலம் போகும். சனிக்கிழமை காலையில், கடை திறந்திருக்கும்போது, இன்னொரு வாகனம் வீட்டில் நிற்கும்போது தொடங்குங்கள், ஒரு கிளிப் முறிந்தாலும் போய் வாங்கலாம். கழற்றிய நான்கு பாட்களையும் சோக் எழுத்துத் தெரிகிற மாதிரி வரிசையாக வைத்து, பக்கவாட்டில் ஒன்றும் முகத்தில் ஒன்றுமாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். காரை வெளியே எடுக்க முன்பு போட்டால் நல்லது. சனிக்கிழமை மதியம்வரை கராஜில்தான் நிற்பேன், பார்த்துச் சொல்கிறேன்.